குப்பைத் தொட்டியில் முடியாத கதை

1

போன மாதம் கயலின் பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே ஒரு கடிதம் மடிந்து கிடந்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுக்க அதிகாரிகள் பள்ளிக்கே வருகிறார்களாம். பத்து நாள் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை. அசல் பிறப்புப் பத்திரம் கொண்டுவரவேண்டும், தலைமுடி ஒழுங்காக வாரியிருக்கவேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். நான் கையெழுத்துப் போடவில்லை. தையல் மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் செருகிவிட்டேன். அங்கே வைத்தால் தொலையாது, கண்ணிலும் படாது.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. மலேசியா வந்து இந்த மாதத்தோடு பதின்மூன்று வருடம் முடிகிறது. மலேசியா என்றால் ஊரில் எல்லாருக்கும் கண்ணாடிக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். நான் இருப்பது வடக்கே கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவ். சன்னலைத் திறந்தால் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம், அதற்குப் பின்னால் செம்பனை மரம். வீட்டில் இருந்தபடியே பிளவுஸ் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் சேகர் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். பிள்ளை ஒன்றே ஒன்று, கயல்விழி.

அந்த அட்டையை இங்கே ஐசி என்பார்கள். பன்னிரண்டு வயதில் கைக்கு வரும். பரீட்சைக்கு அது வேண்டும், வங்கிக்கு வேண்டும், மருத்துவமனைக்கு வேண்டும், பிறகு மோட்டர் லைசன்ஸ், வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் வேண்டும். கயலுக்கு அது கிடைக்காது. எனக்குத் தெரியும், சேகருக்குத் தெரியும். கயலுக்குத் தெரியாது என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

2

முதலில் சனிக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் இதை எழுதவே மாட்டேன்.

நான் டீச்சர் இல்லை. பத்தாவதோடு நின்றவள். ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கி நிற்கும்போது என்னென்னவோ சொல்வார்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் லெட்சுமி அக்கா ஒருமுறை, "எங்க சூப்பர்வைசர் பேச்சு ஃபேன் சத்தம் மாதிரிமா, நின்னாத்தான் ஓடிக்கிட்டு இருந்ததே தெரியும்" என்றார். இடுப்பளவுக்குப் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டேன். என் அளவு நோட்டில் பாதி சென்டிமீட்டர், பாதி இப்படிப்பட்ட பேச்சு.

வந்த புதிதில் இந்த ஊர்த் தமிழே எனக்குப் புரியவில்லை. பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' ஒட்டுவார்கள். கார் என்பதை இங்கே 'காடி' என்பார்கள். நாத்தனார் வாசலில் நின்று "காடி வருது, நவுரு" என்றபோது, புளித்த காடிப் பானையைத்தான் யாரோ தூக்கி வருகிறார்கள் என்று நினைத்து நகராமல் நின்றேன். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எதைக் கேட்டாலும் எழுதிவைக்க ஆரம்பித்தேன்.

கயல் நான்காம் ஆண்டு படிக்கும்போது ஒரு நாள் கட்டுரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இங்கே தமிழ்ப்பள்ளியில் 'தன்கதை' என்று ஒரு வகைக் கட்டுரை உண்டு. நான் ஒரு பேனா, நான் ஒரு குடை, நான் ஒரு காலணி என்று பொருளே தன் கதையைச் சொல்லவேண்டும். அருமையான யோசனைதான். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரே அச்சு பழகியிருக்கிறது. நான் தொழிற்சாலையில் பிறந்தேன், உடன்பிறப்புகளோடு கடைக்குப் போனேன், ஒரு சிறுவன் என்னை வாங்கினான், மகிழ்ச்சியாக இருந்தேன், பழசானேன், இப்போது குப்பைத் தொட்டியில் கிடக்கிறேன். பேனாவும் அங்கேதான், குடையும் அங்கேதான். உவமைகளும் அப்படித்தான். நகமும் சதையும் போல என்று எழுதுவாள். எங்கே பார்த்தாய் என்றால், பட்டியலில் பார்த்தேன் என்பாள்.

"ஏன்டி எல்லாரும் குப்பைத் தொட்டிக்கே போறாங்க?" என்று கேட்டேன்.

"அப்படித்தான்மா முடிக்கணும். மார்க் அதுலதான் இருக்கு."

எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் துணி வெட்டும் மேசையைக் காலி செய்து, கயலோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரையும் உட்கார வைத்தேன். ஒரு வாரம் உவமை வாரம். பட்டியலில் உள்ளது எதுவும் கூடாது, இந்த வாரம் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்லவேண்டும். எதிர்வீட்டுக் கவினேஷ், "எங்கப்பா மோட்டர்பைக் காலையில ஸ்டார்ட் ஆகுறது, சளி பிடிச்சவரு காறித் துப்புற மாதிரி இருக்குலா ஆன்ட்டி" என்றான். அன்றைய மிட்டாய் அவனுக்கு. அடுத்தது புளுகு வாரம். இலக்கணத்தில் உயர்வு நவிற்சி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், நான் புளுகு என்றேன், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஷாலினி என்று ஒரு பெண், வாயே திறக்காதவள், தன் அம்மா வைக்கும் சம்பலின் காரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்க்கடிகாரம் வேர்த்தது என்று எழுதினாள். மழை பெய்யும் வாரம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, கேட்கிற சத்தத்துக்கெல்லாம் இரட்டைக்கிளவி பிடிப்போம். பட்டியலில் இல்லாத சத்தமாக இருந்தால் நாங்களே பெயர் வைத்துவிடுவோம்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது பொருள் பேசும் வாரம். அதற்கு விதி மூன்று. தாளில் பெயர் எழுதக்கூடாது. குப்பைத் தொட்டியில் முடிக்கக்கூடாது. நான் கலைத்து எடுத்துக் கடைசி வரி வரை வாசிப்பேன், எந்தப் பொருள் பேசுகிறது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். வாசித்து முடித்ததும் எந்த வரி மனசில் ஒட்டியது என்று ஆளுக்கொன்று சொல்லவேண்டும். அது விதி இல்லை, மரியாதை.

3

எங்கள் தப்பு எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் படிக்கிற யாருக்காவது உதவும்.

சேகரின் மூதாதையர் எங்கள் பக்கத்தவர்கள். உறவு தேடி வந்தவருக்கு என்னைப் பேசி முடித்தார்கள். சுற்றுலா விசாவில் வந்து இறங்கினேன். புக்கிட் செலம்பாவ் கோயிலில் மேளம் கொட்டித் தாலி ஏறியது. எஸ்டேட்டிலிருந்து சொந்தக்காரர்கள் லாரியில் வந்து இறங்கி வாழ்த்தினார்கள். அரசாங்கப் பதிவு ஒன்று தனியாக உண்டு என்று கோயில் தலைவர் சொன்னார். அதற்கு ஊரிலிருந்து, எனக்கு முன்பு கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும். வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். தாலிதான் ஏறிவிட்டதே. ஊர் முழுக்கப் பார்த்ததே. இதற்கு மேல் என்ன சாட்சி?

அந்தச் சான்றிதழ் வருவதற்குள் நான் உண்டாகிவிட்டேன். வயிற்றோடு அலையவேண்டாம், பிள்ளை பிறந்த பிறகு போகலாம் என்றார்கள். பதிவுக் காகிதம் கைக்கு வந்தபோது கயலுக்கு நாலு மாதம். சட்டத்தில் அந்த நாலு மாதம்தான் கணக்கு. பெற்றோர் பதிவுத் திருமணம் செய்வதற்கு முன் பிறந்த பிள்ளை, அம்மாவின் நாட்டைச் சேர்ந்தது. அப்பா இந்த மண்ணிலேயே பிறந்தவர், பிள்ளையும் இங்குள்ள ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது, ஆனாலும் பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் அல்ல என்று மலாயில் ஒரு வரி.

அதை மாற்ற ஒரு சிறப்பு விண்ணப்பம் உண்டு. போட்டோம், பதில் வரவில்லை. பிறகு மறுத்து ஒரு கடிதம் வந்தது. மறுபடி போட்டோம். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள், எங்களைப் பார்த்துப் பாவப்படவும் செய்வார்கள். சட்டத்தை அவர்களா எழுதினார்கள்? இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்த விண்ணப்பம் கெட்டுப்போகும் என்று பயந்து எடுக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாததால் கயல் இதுவரை சங்கரன்கோவிலைப் பார்த்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் போன் பண்ணி, "என் மருமகளை எப்பக் கூட்டிட்டு வாரே?" என்று கேட்கும். சேகருக்கு லீவு கிடைக்கவில்லை என்பேன். போனைக் கயலிடம் கொடுத்தால் "ம்ம், ம்ம்" என்று இரண்டு தடவை சொல்லித் திருப்பித் தந்துவிடுவாள். தாய்மாமனோடு பேசப் பிள்ளைக்கு ஒட்டுதல் இல்லை, மலாயிலும் இங்கிலீஷிலும்தான் நாக்குப் புரளுகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அவள் எதற்காகப் பேச்சைக் குறைத்தாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

4

கடிதத்தை ஒளித்துவைத்த அந்தச் சனிக்கிழமை பொருள் பேசும் வாரம்.

இரண்டு தாள் வாசித்துவிட்டேன். ஒன்று ரைஸ் குக்கர். இன்னொன்று, வீட்டில் எல்லாருடைய சண்டையையும் பார்த்துச் சலித்துப்போன டிவி ரிமோட். அது கவினேஷ் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவதை எடுத்தேன். யாருடைய கையெழுத்து என்று தெரியாமலிருக்க வேண்டுமென்றே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியது இப்படி:

"நான் தொழிற்சாலையில் பிறக்கவில்லை. ஒரு பிரிண்டரில் பிறந்தேன். பிறந்தவுடனே எனக்குப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுவிட்டார்கள். நான் சேலைகளுக்கு அடியில் தூங்குகிறேன். பூச்சி உருண்டை வாசம் எனக்குப் பிடிக்காது. என்னை யாரும் கேட்பதில்லை. சில நாள் மட்டும் என்னை வெளியே கூட்டிப்போவார்கள். அன்று அந்த வீட்டு அம்மா பவுடர் போடுவார். அப்பா சட்டையை உள்ளே விடுவார்."

"தங்கச் சங்கிலி" என்றது ஒரு குரல். "சங்கிலிக்கு யாருடா மழைக்கோட்டு போடுவா, பாஸ்போர்ட்டுலா" என்றான் கவினேஷ். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

"நம்பர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருப்போம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் என்னை வாசிப்பார். நல்லவர்தான். ஆனால் அவர் விரல் எப்போதும் ஒரே வரியில் நின்றுவிடும். அப்போது அப்பாவின் கை வேர்க்கும். அந்த ஈரம் என் மழைக்கோட்டில் ஒட்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, இன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று சொல்வார். எனக்கு வாய் இல்லை, அதனால் நான் பொய் சொல்லவில்லை."

கயலைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். கூர்மையாகிவிட்ட பென்சிலையே மறுபடியும் சீவிக்கொண்டிருந்தாள்.

மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, மிச்சத்தை அடுத்த வாரம் வாசிக்கலாம் என்றேன்.

"மழையே வரலையே ஆன்ட்டி" என்றான் கவினேஷ்.

கயல் சீவுவதை நிறுத்தினாள். "கடைசி வரி வரைக்கும் வாசிக்கணும்னு நீங்கதான ரூல் போட்டீங்க. வாசிங்கமா."

வாசித்தேன்.

"மற்ற பொருள்கள் கடைசியில் குப்பைத் தொட்டிக்குப் போகும். என்னை மட்டும் யாரும் வீசமாட்டார்கள். என்னை வீசிவிட்டால் ஒரு பெண் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதனால் பத்திரமாக இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது என்று வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள்."

ஷாலினிதான் மெதுவாக, "சூராட் பெரானாக்கா?" என்றாள். பிறப்புப் பத்திரத்துக்கு மலாய்ப் பெயர் அதுதான்.

"ஆமா" என்றாள் கயல். "கண்டுபிடிச்சிட்டா. ஷாலினிக்கு மிட்டாய் குடுங்கமா."

5

பிள்ளைகள் போன பிறகு இருவரும் மேசையைத் துடைத்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. எப்போது தெரியும் என்று கேட்டேன். மூன்றாம் ஆண்டிலேயே தெரியுமாம். பள்ளிக்கு ஒரு குழந்தைப் படம் கேட்டார்களாம், அலமாரியில் தேடியபோது கையில் கிடைத்ததாம்.

"அதுல உள்ளதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?"

"உங்களுக்குத்தான்மா மலாய் வாசிக்க வராது. எனக்கு வரும்."

மூன்று வருடம். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றேன். துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

மாமாவிடம் ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன். எப்போது வருகிறாய் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது, அப்பாவுக்கு லீவு இல்லை என்று நானும் பொய் சொல்லவேண்டுமா என்றாள். அந்த 'ம்ம், ம்ம்' இரண்டுக்கும் அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

சேகர் வேலை முடிந்து வந்ததும் தாளைக் கொடுத்தேன். வேனின் கதவைத் திறந்துவைத்துப் படியில் உட்கார்ந்து வாசித்தார். நிறைய நேரம் எடுத்தது. உள்ளே வந்து இதைத்தான் கேட்டார்:

"எனக்குக் கை வேர்த்தது இவளுக்கு எப்படித் தெரியும்? இவளை அங்கக் கூட்டிட்டே போனதில்லையே."

கயல் சமையற்கட்டிலிருந்து சொன்னாள்: "ஃபைல் மேல எப்பவும் உங்க விரல் அச்சு இருக்கும்பா."

6

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் இன்னொரு சனிக்கிழமை இருந்தது. அன்று பிள்ளைகள் ஒரு கட்சியாக வந்தார்கள். எங்களைத்தான் எழுதச் சொல்கிறீர்கள், நீங்கள் ஒரு நாளாவது எழுதினீர்களா என்று கவினேஷ் கேட்டான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை. கயல் ஒரு தாளை என் முன் தள்ளி, மேலே 'நான் ஒரு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

இத்தனை வாரம் எத்தனை எளிதாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பொருளாக மாறிவிடு, அது எதைப் பார்க்கிறது, எதைத் தொடுகிறது, அதை மட்டும் சொல், அழாதே, அறிவுரை சொல்லாதே. பிள்ளைகள் ஐந்து பேரும் எழுதி முடித்துப் பிஸ்கட் தின்று முடித்தபோது எனக்கு ஒரு பக்கம்தான் வந்திருந்தது. விதிப்படி பெயர் போடவில்லை. கலைத்துவைத்தேன். அன்று வாசித்தது கயல். என்னுடையது இது:

"நான் ஒரு தாலி. சங்கரன்கோவிலில் பிறந்து தகர டப்பாவில் விமானம் ஏறினேன். புக்கிட் செலம்பாவ் கோயிலில் எல்லாரும் எழுந்து நிற்க ஒரு கழுத்தில் ஏறினேன். அன்று எனக்குக் கர்வம் தாங்கவில்லை. இனி நானே போதும் என்று நினைத்தேன். காகிதத்தைப் பற்றி யாராவது பேசினால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவைத்தது நான்தான். பாப்பா பிறந்த அன்று நர்ஸ் எல்லா நகையையும் கழற்றச் சொன்னார். என்னை மட்டும் விட்டுவிட்டு, நழுவாமல் இருக்க நெஞ்சில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். பாப்பாவின் முதல் அழுகையை நான் அங்கே ஒட்டிக்கொண்டுதான் கேட்டேன். பிறகு ஒரு நாள் கவுண்டரில் நின்றோம். அங்கே இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சேலைக்கு வெளியே வந்து தொங்கிப் பார்த்தேன். அவருக்கு என்னை வாசிக்க வராது. அது அவர் தப்பல்ல. என் மேல் தேதி எழுதியிருக்கவில்லை. நான் போதாது என்பது அன்று தெரிந்தது. அதைப் பாப்பாவிடம் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் ஆகியிருக்கிறது."

யாரும் எதையும் கண்டுபிடிக்கவேண்டிய அவசியம் இல்லை, முதல் வரியிலேயே பொருளின் பெயரைச் சொல்லிவிட்டேன். "பேரைச் சொல்லிட்டா அவுட்டு ஆன்ட்டி, மிட்டாய் கிடையாது" என்றான் கவினேஷ். அவனைப் பார்த்தால் விளையாட்டுக்குச் சொன்ன முகமாக இல்லை, பேச்சை எப்படியாவது லேசாக்கப் பார்த்தான், பாவம்.

எந்த வரி ஒட்டியது என்று கயலைக் கேட்கவில்லை. அவளாகவே பென்சிலை எடுத்து ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டாள். நர்ஸ் பிளாஸ்டர் போட்ட வரி. பிறகு தாளை நாலாக மடித்தாள்.

"இது உண்மையா, புளுகு வாரமா?"

"உண்மைடி. கழுத்துக்குக் கீழ அந்தத் தோல் உரிஞ்ச தழும்புகூட ரொம்ப நாள் இருந்துச்சு."

தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

7

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு அனுப்பவேண்டாம் என்பதுதான் சேகரின் யோசனை. காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடலாம், கூட்டத்தில் பிள்ளை தனியாக நிற்கவேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. இத்தனை வருடமும் அப்படித்தானே செய்து வந்திருக்கிறோம்.

காலையில் எழுந்து பார்த்தால் கயல் சீருடை போட்டு, தலையை ஒழுங்காக வாரி, பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்பார்கள். எனக்கு இந்த ஊர்த் தமிழில் பிடித்த சொல் அது.

"இன்னிக்கு வேணாம்டா" என்றார் சேகர். "அங்கப் போயி என்ன செய்வே?"

"மத்த ஒன்பது பேரும் படம் எடுக்க வரிசையில நிப்பாங்கபா. பையை எங்க வைக்கிறதுன்னு கேட்டாங்க. நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். பாபின் நூல் ஒன்று அதில் சுற்றியிருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்குக் கீழே, பிள்ளையின் விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை, அதனால் இன்று அட்டை எடுக்க இயலாது என்று தமிழில் எழுதிப் பெயர் போட்டேன். அதை முதல் முறையாக ஒரு காகிதத்தில் எழுதினேன். கயல் வாசித்துப் பார்த்து, கீழே அதையே மலாயில் எழுதிக்கொண்டாள். சேகர் வேனில் ஏற்றிப் போனார்.

அன்று ஒரு பிளவுஸும் தைக்கவில்லை. ஒரு கையை வெட்டினேன், இன்னொரு கையைத் தப்பாக வெட்டினேன், அப்படியே வைத்துவிட்டேன்.

மத்தியானம் வந்தாள். காலணியைக் கழற்றி வைத்தாள். கவினேஷ் படத்தில் கண்ணை மூடிவிட்டானாம், மறுபடி எடுத்தார்களாம், மறுபடியும் மூடினானாம். ஷாலினி சிரித்துவிட்டாளாம், சிரிக்கக்கூடாது என்றார்களாம். சோறு பிசைந்தபடியே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. நீ எங்கே இருந்தாய் என்று மட்டும் கேட்டேன்.

மண்டபத்து வாசல் பெஞ்சில் இருந்தாளாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, வெட்டு மேசையின் எதிர்ப்பக்கம், தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஒன்பது பைமா" என்றாள். "ஒண்ணுகூடக் காணாமப் போகலை."